சுகதனின் கைலி மடிப்பு

சங்கனாச்சேரிச் சந்தையில் சுமை தூக்கும் சுகதனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவருடைய முழங்காலிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது அங்கே எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் முதலாளி வந்தால், போலீஸ் வந்தால், ஊர்ப் பெரிய மனிதர் யாராவது வந்தால், மற்றவர்களின் கை தானாகவே இடுப்புக்குப் போய் மடிப்பை அவிழ்த்து இறக்கிவிடும். சுகதனின் கை போகாது.

அரிசி மொத்த வியாபாரி ஒருவர் இதை மனதில் வைத்திருந்து, ஒருநாள் லாரிக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா சுகதா, ஆளக் கண்டா கைலிய இறக்கத் தெரியாதா உனக்கு?"

சுகதனின் தலையில் அப்போது மூட்டை இருந்தது.

"இறக்கலாம் முதலாளி. கைய எடுத்தா மூட்டையும் கூடவே இறங்கும், உங்க கால் மேல. எது இறங்கணும்னு சொல்லுங்க."

அன்று முதல் அந்த வியாபாரி அவரைப் பார்த்தாலே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. சுகதன் கைலியை இறக்கியது ஓரிடத்தில் மட்டும்தான். மகள் நிஷிதாவின் பள்ளிக்கூட வாசலில். டீச்சர்களைப் பார்க்கப் போகும்போது கேட்டுக்கு வெளியிலேயே மடிப்பை இறக்கி, கணுக்கால் மறைய, யாரோ இரவல் கொடுத்த கால்களில் நடப்பதுபோல் நடந்து வருவார். கல்லூரியில் பட்டம் கொடுத்த நாளிலும் அப்படித்தான் வந்தார். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நிஷிதா.

சுமை தூக்கிப் பிழைப்பவர்களுக்குள் வசவுக்குக் குறைவில்லை. குடிகாரன், புளுகன், பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் சட்டையைப் பிடிப்பார்கள். மடியன். சோம்பேறி என்று வெளியாட்கள் பொருள் சொல்வார்கள். சந்தையில் அதற்கு வேறு கனம் உண்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கும்போது, தோளை மட்டும் கொடுத்துவிட்டு பலத்தைக் கொடுக்காமல் நடிப்பவன்தான் மடியன். அவன் ஏமாற்றும் கனம் மற்ற மூன்று பேரின் கழுத்தில் ஏறும். சுகதனை அந்தச் சொல்லால் யாரும் அழைத்ததில்லை. அவர் மூலையில் நின்றால் மற்றவர்களுக்குப் பாரம் குறைந்ததுபோல் இருக்கும் என்பார் கூட்டத்தின் கன்வீனர் பரீது.

ஆடி மாதமான கர்க்கடகத்தின் மழையில் ஒரு காலை, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுகதனின் வலது கால் சொன்னபடி கேட்கவில்லை. வழுக்கிவிட்டது என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவர் கோமாளித்தனம் செய்கிறார் என்று நினைத்து மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு இடுப்பிலிருந்து கைலி நழுவியது. சுகதன் அதைப் பிடிக்கவில்லை. கை அப்படியே தொங்கியது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

மெடிக்கல் காலேஜில் பக்கத்துப் படுக்கையில் ஔசேப்பச்சன் கிடந்தார். பள்ளிவாசல் வளைவில் குடை ரிப்பேர் செய்பவர். எழுபதைத் தாண்டிய ஒல்லியான கிழவர். அவருக்கும் அதே வாரம், அதே பக்கவாதம், அதே வலது கை. "ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டு" என்று அவர் கோணல் வாயால் சொல்ல, சுகதன் தன் கோணல் வாயால் சிரித்தார்.

ஓணத்துக்கு ஔசேப்பச்சன் எழுந்து நின்றார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் நேரத்தில் சைக்கிள் மிதித்தார். சுகதன் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போனார். கை மடியிலேயே கிடந்தது.

நிஷிதாவுக்கு இது பிடிபடவில்லை. அவள் சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்து ரேங்க் லிஸ்டில் இடம்பிடித்து, வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தாள். முதல் தடவை லிஸ்டுக்கு வெளியே நின்றாள். இரண்டாம் தடவை மேலும் கொஞ்சம் குறைவாகத் தூங்கினாள், வந்துவிட்டது. உழைத்தால் வரும் என்பது அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்த வார்த்தை அல்ல. அவளே அதற்குச் சாட்சி. அப்படியிருக்க, கிழவர் சைக்கிள் ஓட்டும்போது, மலைபோல் இருந்த தன் அப்பாவால் ஒரு டம்ளரை ஏன் தூக்க முடியாது?

பயிற்சியை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் பொறுக்கிப்போட வேண்டும். ஈரத் துண்டைப் பிழிய வேண்டும். விரல்களால் சுவரில் ஏற வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொன்னதையெல்லாம் அவள் இரட்டிப்பாக்கினாள். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நல்ல கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிவைத்தாள். கஞ்சி நெஞ்சில் வழியும். அம்மா ஓமனா துடைக்க வந்தால், "விடும்மா. அவரே துடைக்கட்டும்" என்பாள்.

"சோறு திங்கிற நேரத்துலயாவது விடேண்டீ."

"நீ இப்படிச் செல்லம் கொடுத்துதான் கை இப்படிக் கிடக்கு."

மாசி முடியும் சமயத்தில் பரீதும் ஔசேப்பச்சனும் பழம்பொரிப் பொட்டலத்தோடு பார்க்க வந்தார்கள். பேச்சு மே தின ஊர்வலத்துக்குப் போனது. சந்தைக்காரர்களின் வரிசையில் முன்னால் கொடி பிடிப்பது எப்போதும் சுகதன்தான்.

"இந்த வருஷம் அந்த பைஜுகிட்ட கொடுக்கலாம்னு இருக்கோம்" என்றார் பரீது, சுகதனைப் பார்க்காமல். "நீ நல்லாகி அடுத்த வருஷம் பிடிச்சுக்கடா."

"எதுக்கு இக்கா? அச்சனே பிடிப்பார்" என்றாள் நிஷிதா. "இன்னும் ரெண்டு மாசம் கிடக்கே. இப்பப் பாருங்க."

உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். "அச்சா, எடுங்க."

சுகதன் டம்ளரைப் பார்த்தார். பிறகு பரீதைப் பார்த்தார். கை மெல்ல நகர்ந்து, விரல்கள் டம்ளரைத் தொட்டு, அதைச் சுற்றிக்கொள்ளத் தெரியாமல் நடுங்கின. டம்ளர் சாய்ந்து பரீதின் சட்டையெல்லாம் தண்ணீர்.

"நல்லதாப் போச்சு, வெயில் கொளுத்துது" என்றார் பரீது. "விடு மோளே."

"இல்ல இக்கா, இவரால முடியும். செய்ய மாட்டேங்கறார். இதோ ஔசேப்பச்சன் இருக்கார். அவர் வயசென்ன, இவர் வயசென்ன? அவருக்கு வந்துச்சே! இவர் சும்மா கையக் கொடுத்துட்டு உக்காந்திருக்கார்." குரல் உயர்ந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. "மடியன்."

ஔசேப்பச்சன் பழம்பொரிப் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகதனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாய் ஏற்கெனவே ஒரு பக்கம் இழுத்திருந்ததால் அதில் எதையும் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்களில்தான் அது நடந்தது.

ஓமனா காலையில் புருஷனைக் குளிப்பாட்டி, அவருக்குப் பிடித்தபடி கைலியை மடித்துக் கட்டி, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பாள். அன்று நிஷிதா பட்டாணிக் கிண்ணத்தோடு வந்தபோது, அப்பாவின் வலது கை தொடையிலிருந்து நகர்ந்தது. மெதுவாக, நத்தைபோல, இடுப்பு வரை போனது. இரண்டு விரல்கள் மடிப்புக்குள் நுழைந்து கொக்கிபோல் வளைந்தன. ஓர் இழுப்பு. மடிப்பு அவிழ்ந்து கைலி கணுக்கால் வரை இறங்கியது.

அவள் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அம்மா! விரல் மடங்குது! தானாவே மடிப்ப அவுத்துட்டார், அந்தக் கையாலயே! நான்தான் சொன்னேன்ல?"

ஓமனா மீன் அரிந்துகொண்டிருந்தாள். "ம்" என்றாள். தலை நிமிரவில்லை.

மகிழ்ச்சியில் நிஷிதாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. மடிப்பை மறுபடியும் கட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தாள். கை நகர்ந்து மடிப்பை இறக்கியது. மறுபடி கட்டினாள், போனாள், வந்தாள். ஒவ்வொரு தடவையும் கை போனது. பட்டாணியைவிட இது நல்ல பயிற்சி என்று அவள் முடிவு செய்தாள். அந்த வாரம் முழுக்க அவள் வராந்தாவுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். சுகதனின் நெற்றி வேர்த்திருக்கும்.

மெடிக்கல் காலேஜில் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, அந்தச் செய்தியை டாக்டரம்மாவிடம் சொல்ல அவள் துடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா முதலில் ஸ்கேன் படங்களை எடுத்தார். கழுத்து ரத்தக்குழாய்களையும் இந்தத் தடவை பார்த்திருந்தார்கள்.

"உங்க அச்சனுக்கு ஐம்பத்தாறு வயசு. ஆனா அவர் ரத்தக்குழாய்க்கு அது தெரியாது" என்றார். "குழாய்ச் சுவரெல்லாம் தடிச்சு இறுகிப் போயிருக்கு. வயசாக ஆக எல்லாருக்கும் வர்றதுதான். இவருக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. பிரஷர் எத்தன வருஷமா இருந்துச்சு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்ததில்ல டாக்டர்" என்றாள் ஓமனா. "ஆளப் பாத்தா தெரியாதே. யானை மாதிரி இருந்தார்."

"யானைக்கும் உள்ள குழாய்தான். பிரஷர், பீடி, கருவாட்டு உப்பு, எல்லாம் சேர்ந்து வேலை செஞ்சிருக்கு."

சாதாரண மனிதனின் ரத்த அழுத்தம் எவ்வளவு? நிஷிதா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். தேர்வில் வந்த கேள்வி. நூற்றிருபது, எண்பது. அதற்கு ஒரு மார்க் வாங்கியிருந்தாள். அந்த எண்ணை அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த அறைக்கு வெளியே அச்சன் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"அடைப்புல செத்த இடம் திரும்ப வராது" என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "அதச் சுத்தி இருக்கிற மூளைதான் அந்த வேலையக் கத்துக்கணும். அதுக்கு ரத்தம் வேணும். உங்க ஊர் போட் ஜெட்டி வாய்க்கால் அடைச்சா, தண்ணி சின்ன ஓடைங்க வழியா சுத்திப் போகும்ல? சிலருக்கு அந்தச் சின்ன வழியெல்லாம் திறந்து கிடக்கும். சீக்கிரம் தேறுவாங்க. இவருக்கு அதுலயும் ஆகாயத்தாமரை அடைச்சுக் கிடக்கு."

"பக்கத்து பெட்ல இருந்தவர், ஔசேப்பச்சன்… அவருக்கு எழுபதுக்கு மேல…"

"அவர் குழாய் இளசா இருக்கலாம். ஒருத்தர வச்சு இன்னொருத்தர அளக்கக் கூடாது."

"அப்ப பயிற்சியால பிரயோஜனம் இல்லையா?"

"நிச்சயமா இருக்கு. ஆனா மெதுவா வரும். முழுசா வராமலும் போகலாம். மாத்திரைய விடக்கூடாது, பிரஷர் ஏறக்கூடாது, கொஞ்சம் கொஞ்சம் நடக்கணும். சோர்ந்தா நிறுத்தணும். இவர் சோர்ந்து போறது சோம்பல் இல்ல, புரியுதா? அடிச்சுப் பழக்கினா பிரஷர்தான் ஏறும்."

கடைசிக் கேள்விக்காவது பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று தவிக்கிறவளைப்போல நிஷிதா அவசரமாகச் சொன்னாள்: "ஆனா டாக்டர், விரல் வந்திருக்கு. கைலி மடிப்ப அந்தக் கையாலயே அவுக்கறார்."

"அப்படியா? பரவாயில்லையே. எங்க, காட்டுங்க."

ஓமனா புருஷனை எழுப்பி நிறுத்தி, கைலியை மடித்துக் கட்டினாள். சுகதன் டாக்டரம்மாவின் முன்னால் முழங்கால் தெரிய நின்றார். கை தொங்கியது. அசையவில்லை.

"வீட்ல நல்லாச் செய்வார் டாக்டர்."

"எப்பச் செய்வார்? எந்த நேரத்துல?"

"நான் எதிர்ல வரும்போதெல்லாம்…" என்றாள் நிஷிதா.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். அவரும் அந்த நாட்டில் பிறந்தவர்தான். யார் யார் முன்னால் மடிப்பை இறக்குவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிஷிதாவின் முகத்தைப் பார்க்காமல் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். அவர் பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நிஷிதாவுக்கு. அரிசி முதலாளிக்கு இறங்காத மடிப்பு, போலீசுக்கு இறங்காத மடிப்பு. அதை அவள் வேலைக்காரனைச் சோதிப்பதுபோல், உள்ளே போய்ப் போய் வந்து, மறுபடி மறுபடி இறக்கவைத்திருக்கிறாள். கைகொட்டிச் சிரித்திருக்கிறாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் சுகதன் ஏதோ சொன்னார். ஓமனா காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"என்னவாம்?" என்றார் டிரைவர்.

"தலைக்குள்ள இருக்கிற ஆகாயத்தாமரைய அள்ளச் சொல்லி பஞ்சாயத்துல சொல்லணுமாம்" என்று ஓமனா சிரித்தாள். டிரைவரும் சிரித்தார். நிஷிதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள்: "உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ படிச்சவ. உங்கிட்ட எப்படிச் சொல்றது?" ஓமனா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். அதனால்தான் நிஷிதாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

மறுநாள் சந்தை ஷெட்டுக்குப் போனாள். சாயா குடித்துக்கொண்டிருந்த நீலச் சட்டைச் சுமைக்காரர்கள் அவளைப் பார்த்ததும் எழுந்தார்கள். இரண்டு மூன்று பேரின் கை மடிப்புக்குப் போனது. கைலிகள் இறங்கின. டிகிரி படித்த பிள்ளை, நாளைக்குச் சர்க்கார் உத்தியோகம் பார்க்கப்போகிறவள். முன்பும் இறக்கியிருப்பார்கள். அவள்தான் கவனித்ததில்லை.

"ஐயோ, வேண்டாம், உக்காருங்க" என்றாள். "பரீதிக்கா, அச்சன் ஊர்வலத்துக்கு வரமாட்டார். கொடிய பைஜுகிட்டயே கொடுத்துடுங்க. அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன். அது தப்பு. அவரால முடியல. நடிக்கல."

பரீது கிளாசைச் சுழற்றிக் கடைசிச் சாயாவை வெளியே ஊற்றினார்.

"நீ சொன்னத நாங்க யாரும் காதுல வாங்கல மோளே. அவன் கூட தூக்கின கழுத்து இது. எங்களுக்குத் தெரியாதா? அவன்தான் காதுல வாங்கிட்டான்."

வளைவில் ஔசேப்பச்சன் குடைக் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவள் நின்றதும் அவரே பேசினார்.

"கொச்சே, நான் ஒரு மண்ணும் பண்ணல. பட்டாணியும் பொறுக்கல, சுவத்துலயும் ஏறல. அதுவா வந்துச்சு. என்னக் காட்டி நீ அவனப் பேசின பெறகு உங்க வீட்டு வழியா சைக்கிள்ல போக எனக்குக் கூசுது. இப்பல்லாம் சுத்தித்தான் போறேன். மேட்டுல மூச்சு வாங்குது. அவன்கிட்டச் சொல்லிடாத, சிரிப்பான்."

வீட்டில் அவள் பட்டாணியை எடுத்து வைத்துவிட்டாள். துண்டால் கட்டுவதை நிறுத்தினாள். ஸ்பூனை இடது கையில் கொடுத்தாள். மாத்திரையைத் தானே எடுத்துத் தந்தாள். சாயங்காலம் வாசல் மாமரம் வரை நடத்திக் கூட்டிப்போனாள். அவர் நின்றால் அவளும் நின்றாள். ஆனால் மன்னிப்புக் கேட்க வரவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அதற்கான சொற்கள் எல்லாம் புத்தகத்தில் இருந்தன, வாயில் இல்லை. அவள் எதிரே வரும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்கள் இடுப்புக்குப் போய்க்கொண்டேயிருந்தன. டாக்டர் சொன்ன அந்தச் சின்ன வழிகளில் ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. அது திறந்தது இதற்காகவா என்று நினைக்கும்போது அவளுக்கு உடம்பு குறுகியது.

மே தினத்தன்று ஊர்வலம் அந்த வழியாகப் போனது. ஓமனா நாற்காலியை வேலி ஓரம் போட்டு, கைலியை மடித்துக் கட்டி அவரை உட்காரவைத்திருந்தாள். நிஷிதா சாயா கிளாசோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். முன்னால் போனால் கை நகரும். சந்தை ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போகிற இடத்தில், மகளின் முன்னால் அவர் மடிப்பை இறக்குவதை அவர்கள் பார்ப்பார்கள். அதனால் அவள் அசையாமல் நின்றாள். சாயாவில் ஆடை படிந்தது.

கொடியோடு பைஜு வந்தான். கொடிக்கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போனில் யாரிடமோ பேசிக்கொண்டு நடந்தான். சுகதனின் தொண்டையிலிருந்து குழறலாக ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது.

"மடியன்!"

வரிசை சிரித்தது. பைஜு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொடியை நிமிர்த்தினான். "நீ எழுந்து வந்து பிடி சேட்டா, நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்று கத்திக்கொண்டே போனான். பரீது கையை உயர்த்திக் காட்டினார்.

கடைசி ஆளும் வளைவில் திரும்பிய பிறகு, சுகதன் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "சாயா ஆறுதுடீ."

அவள் பின்னால் நிற்பது அவருக்கு இவ்வளவு நேரமும் தெரிந்திருந்தது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். வலது கை நகர்ந்து இடுப்புக்குப் போனது. விரல்கள் மடிப்பின் மேல் நின்றன. அவள் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். மடிப்பு இறங்கவில்லை.

அன்று இறங்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை அவள் மாத்திரையோடு வந்தபோது விரல்கள் மறுபடியும் மடிப்பைத் தேடிப் போயின. 'வேண்டாம் அச்சா' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அதுவும் அவளுடைய இன்னொரு உத்தரவாகிவிடும். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எதிரே நிற்காமல், அவருடைய முழங்காலுக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள்.